கிட் இல்லாமல் ஒரு பி.ஈ.2சி: மூங்கில், காகிதம், தங்கூஸ் கொண்டு 1/24 அளவில் போர் விமானம் கட்டும் முழு வழிகாட்டி

என் முதல் இரட்டை இறக்கை விமானத்துக்குச் சித்திரை மாதத்தில் கம்பி கட்டினேன். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக நின்றது. விரலால் சுண்டினால் சத்தம் வரும். ஐப்பசியில் கடலூரில் அடைமழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தால், அத்தனை கம்பியும் ஈரத்துணி போட்ட கொடிபோல் தொய்ந்து கிடந்தது. நான் கம்பியாகக் கட்டியது தங்கூஸ் என்று நாம் சொல்கிற நைலான் நரம்பு, அது ஈரத்தை உறிஞ்சி நீளும். இது மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

அது மட்டுமா? இறக்கைக்குக் காகிதம் ஒட்டி, வார்னிஷ் அடித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கம்பிக்குத் துளை போட்டேன். டிரில் வழுக்கிக் காகிதம் கிழிந்தது. துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போன இடத்தில் கம்பியை இழுத்துக் கட்டியதும் மேல் இறக்கை சுட்ட அப்பளம்போல் முறுக்கிக்கொண்டது.

ஆகவே இந்த வழிகாட்டி கம்பியிலிருந்தே தொடங்கும். இறக்கை, உடல், எஞ்சின் என்று எதைச் செய்யும்போதும் "இங்கே எந்தக் கம்பி வந்து மாட்டும்?" என்று கேட்டுக்கொண்டே செய்யுங்கள். 1914, 15 காலத்து விமானம் என்பது மரக்குச்சியும் துணியும்தான். அது பிரிந்துபோகாமல் பிடித்துவைத்திருந்தது கம்பி. மாதிரியிலும் அதே கதைதான்.

எந்த விமானம்?

நான் சொல்லப்போவது பி.ஈ.2சி. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலையின் வடிவமைப்பு. 'பி' என்பது பிளெரியோ. 1909ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய பிரெஞ்சுக்காரரேதான். எஞ்சின் மூக்கில் இருந்து இழுத்துச் செல்லும் விமானங்களுக்கெல்லாம் அந்தத் தொழிற்சாலையில் அவர் பெயரை வைத்தார்கள். இதன் அண்ணன் முறையான பி.ஈ.2ஏ தான் 1914 ஆகஸ்ட் 13 அன்று, முதல் உலகப் போருக்காகப் பிரான்சில் வந்திறங்கிய முதல் பிரிட்டிஷ் விமானம். அடுத்த மாதமே எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. நம் பக்கத்தில் இன்றும் கெட்டிக்காரப் பயலை "எம்டன்டா அவன்" என்கிறோம்.

2சி வடிவத்தை எட்வர்ட் பஸ்க் என்ற பொறியாளர் திருத்தி அமைத்தார். விமானி கையை எடுத்தாலும் தானே நேராகப் பறக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். மேல் இறக்கையைக் கீழ் இறக்கையைவிட முன்னே தள்ளினார், இறக்கை நுனிகளைச் சற்று உயர்த்தினார், இறக்கையையே முறுக்கித் திருப்பும் பழைய ஏற்பாட்டை நீக்கி நான்கு இறக்கைகளிலும் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை) வைத்தார். அமைதியாகப் பறந்தது, ஆனால் சண்டையில் சட்டென்று திரும்பத் தெரியாது. முன் இருக்கையில் உட்கார்ந்த பார்வையாளரைச் சுற்றித் தூணும் கம்பியுமாக இருந்ததால் துப்பாக்கியைத் திருப்பவே இடமில்லை. 1915 கோடையிலிருந்து ஜெர்மானிய ஃபோக்கர் போர் விமானங்களுக்கு இது எளிய இரையானது.

அப்புறம் ஏன் இதைக் கட்ட வேண்டும்? ஒன்று, இதில் நம் பங்கும் இருக்கிறது. 1915 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 31ஆம் ஸ்குவாட்ரன் அன்றைய இந்தியாவுக்கு, இன்று பாகிஸ்தானில் இருக்கும் ரிசால்பூருக்கு, இந்த ரக விமானங்களோடுதான் வந்தது. 1916 செப்டம்பர் 3 அதிகாலை லண்டனுக்கு வடக்கே எஸ்.எல்.11 என்ற ஜெர்மன் வான்கப்பலைச் சுட்டு வீழ்த்தி விக்டோரியா கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருதை வாங்கிய லீஃப் ராபின்சன் ஓட்டியதும் பி.ஈ.2சிதான். அவர் பிறந்தது குடகில், 1895ல். இரண்டாவது காரணம் கம்பி. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டு ஜோடித் தூண் உள்ள விமானம் இது. கம்பி வேலையை முழுசாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல விமானம் எனக்குத் தெரியவில்லை.

வரைபடமும் அளவும்

நிஜ விமானத்தின் இறக்கை நீட்டம் 11.29 மீட்டர், நீளம் 8.31 மீட்டர், உயரம் 3.39 மீட்டர். 24ஆல் வகுத்தால் 47 செ.மீ., 34.6 செ.மீ., 14 செ.மீ. சாப்பாட்டு மேசை ஓரத்தில் வைத்து வேலை செய்யும் அளவு. 1/48க்குப் போனால் கம்பியைப் பிடிக்க எனக்குக் கண் பத்தாது. 1/12க்குப் போனால் வீட்டில் சண்டை வரும்.

நல்ல மூன்றுபக்க வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 1/48 அல்லது 1/72 அளவில்தான் கிடைக்கும். 1/48ஐ 200 சதவீதமும், 1/72ஐ 300 சதவீதமும் பெரிதாக்கினால் 1/24. ஆனால் ஜெராக்ஸ் மெஷினை நம்பாதீர்கள். ஒரு பக்கம் சரியாக இருக்கும், இன்னொரு பக்கம் ஒன்றரை சதவீதம் இழுத்திருக்கும். பெரிதாக்கும் முன் வரைபடத்தில் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என 50 மி.மீ. கோடு இரண்டு போட்டுவிடுங்கள். 200 சதவீதத்தில் இரண்டும் 100 மி.மீ. வர வேண்டும். ஏ3 தாளின் நீளமே 42 செ.மீ. தான் என்பதால் முழு இறக்கை அதில் அடங்காது. பாதி இறக்கையை எடுத்து, தாளைக் கண்ணாடிமேல் திருப்பிப் போட்டு மறுபாதியை வரையுங்கள்.

நிஜ விமானத்தின் படங்களும் வேண்டும். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு பி.ஈ.2சி இருக்கிறது. பாரிசுக்குப் பக்கத்தில் லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்திலும் ஒன்று உண்டு. புதுச்சேரியில் பாதிக் குடும்பங்களுக்கு பிரான்சில் ஒரு சொந்தக்காரராவது இருப்பார். என் மாமா பையனிடம் சொல்லிவைத்தேன். "ஈபிள் டவர்கிட்ட நின்னு ஒரு போட்டோ அனுப்புடான்னு கேக்காம, பிளேன் வயித்துக்கு அடியில படுத்து எடுக்கச் சொல்றியேண்ணா" என்று அலுத்துக்கொண்டே அறுபது படம் அனுப்பினான். அந்த வயிற்றுப் படங்கள்தான் எனக்குச் சோறு போட்டன. கம்பிகள் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் மாட்டுகின்றன என்பது மேலே இருந்து எடுத்த படத்தில் தெரியவே தெரியாது.

இப்போது வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் எல்லாக் கம்பியையும் வரையுங்கள். உடலின் அடியிலிருந்து மேலே, வெளிப்பக்கமாகச் சாய்ந்து மேல் இறக்கைக்குப் போவது பறப்புக் கம்பி. வானில் இருக்கும்போது இறக்கை மேலே மடங்கிவிடாமல் பிடிப்பது அதுதான், ஆகவே இரட்டையாகப் போடுவார்கள். மேல் இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து கீழே, வெளிப்பக்கமாக இறங்குவது இறங்குகம்பி. தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்குவது அது. முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே பெருக்கல் குறி போடுவது குறுக்குக் கம்பி. பறப்புக் கம்பிகளை இரட்டையாகக் கணக்குப் போட்டால், இரண்டு பக்க இறக்கைகளுக்கு மட்டும் 32 வரும். நடுத்தூண்கள், வால், எய்லரான், சக்கரம் எல்லாம் அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, இரண்டு முனையும் எங்கே மாட்டும் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

மூங்கில்

பால்சா மரம் கடலூரில் கிடைக்காது, கூரியரில்தான் வரவேண்டும். அதைவிட நல்ல பொருள் வேலியோரத்தில் நிற்கிறது. மூங்கிலின் மேல்தோலை ஒட்டிய பகுதி அந்த அளவில் எந்த மரத்தையும்விட உறுதியானது. சூடு காட்டினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். பச்சை மூங்கில் வேண்டாம், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். பழைய மூங்கில் தட்டியோ உடைந்த ஏணியோ கிடைத்தால் அதுதான் தங்கம். புதியதுதான் கிடைத்தது என்றால், பிளந்த சிம்புகளைப் போராக்ஸும் போரிக் பவுடரும் கரைத்த தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு நிழலில் காயவையுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு உருண்டையான குச்சி வேண்டுமே, அதை எப்படிச் செய்வது? கத்தியால் சீவினால் ஒரு இடம் தடித்து ஒரு இடம் மெலிந்து வரும். விடை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பத்தர் பட்டறையில் கிடைத்தது. தங்கக் கம்பியை மெலிதாக்க, வரிசையாகத் துளை போட்ட எஃகுத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். கம்பியச்சு என்பார்கள். போய்க் கேட்டேன்.

"என்ன சார், தங்கம் விக்கிற விலைக்கு மூங்கிலை இழுக்கக் கிளம்பிட்டீங்களா?"

"ஒரு தடவை இழுத்துப் பாருங்க பத்தரே."

அவர் வழக்கம்போல் அகன்ற பக்கமாக நுழைத்து இழுத்தார். மூங்கில் நசுங்கி நார் நாராகப் பிரிந்தது. தகட்டைத் திருப்பி, துளையின் சிறிய வாய் இருக்கும் பக்கமாக நுழைத்து இழுத்தபோது விளிம்பு கத்திபோல் சீவி, கீழே பொடி உதிர்ந்தது. பளபளவென்று ஊசி மாதிரி ஒரு குச்சி வெளியே வந்தது. பத்தர் அதை மூக்குக் கண்ணாடிக்கு மேலே தூக்கிப் பார்த்தார். "அட!" என்றார். அந்தத் தகட்டைப் பழைய விலைக்கே எனக்குக் கொடுத்தும்விட்டார்.

செய்முறை இதுதான். கணுவுக்குக் கணு இடைப்பட்ட பகுதியை நார் போகும் வழியிலேயே பிளந்து, ஒன்றரை மில்லிமீட்டர் சிம்பாக்குங்கள். ஒரு முனையைக் கூராக்குங்கள். பெரிய துளையில் தொடங்கி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு முறை இழுத்து, அடுத்த சிறிய துளைக்குப் போங்கள். ஒரு துளையைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அறுந்துபோகும். வால் விளிம்பு, இறக்கை முன்விளிம்பு, அச்சு, கட்டுப்பாட்டுக் குச்சிகள் எல்லாம் இதிலேயே முடியும். இறக்கை நுனி வளைவுக்கு மெழுகுவத்தி மேல் காட்டி வளைக்க வேண்டும். தீ தொடக் கூடாது, அதற்கு ஒரு விரல் உயரத்தில் காட்டி, மெதுவாக அழுத்துங்கள். தேவைக்குமேல் சற்று அதிகமாக வளையுங்கள், விட்டதும் கொஞ்சம் திரும்பி நிமிரும்.

இறக்கை

ரிப்புகளை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்புகளை, ஒவ்வொன்றாக வெட்டாதீர்கள். அலுமினியத் தகட்டில் ரிப்பின் குறுக்கு வடிவம் இரண்டு வெட்டி, அவற்றின் நடுவே தேவையான அத்தனை 0.8 மி.மீ. பிளைவுட் துண்டுகளையும் வைத்து, இரண்டு சிறு போல்ட் போட்டு முறுக்குங்கள். பிறகு மொத்தத்தையும் ஒரே கட்டையாக அரத்தாலும் உப்புத்தாளாலும் ராவுங்கள். ஸ்பார் (இறக்கை நெடுக ஓடும் முதுகெலும்புக் குச்சி) நுழையும் பள்ளங்களையும் அந்தக் கட்டையிலேயே வெட்டிவிடுங்கள். பிரித்தால் எல்லா ரிப்பும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அக்காலத்து இறக்கை மிக மெல்லியது, அடிப்பக்கம் குழிந்திருக்கும். அந்தக் குழிவை விட்டுவிட்டால் பொம்மைக்கடை விமானம்போல் ஆகிவிடும்.

கண்ணாடிக்கடையில் 5 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி, அதன் மேல் வரைபடம், அதன் மேல் பாலிதீன் தாள் விரித்து இறக்கையைக் கட்டுங்கள். மரப்பலகை வேண்டாம். கடலோர ஈரத்தில் பலகையே வளைகிறது, அதன் மேல் கட்டிய இறக்கை எப்படி நேராக இருக்கும்? மூட்டுகளுக்கு வெள்ளைப் பசை. ஃபெவிகுவிக்கை ஒரே ஒரு சொட்டு, அவசரத்துக்கு மட்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது நினைத்ததைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது.

இப்போது, காகிதம் ஒட்டும் முன், கம்பிக் கண்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் 34 கேஜ் தாமிரக் கம்பி கொஞ்சம் கேளுங்கள், கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு தையல் ஊசியைச் சுற்றிக் கம்பியை மடக்கி, இரண்டு வாலையும் சேர்த்து முறுக்கினால் நுனியில் ஒரு குட்டிக் கண் கிடைக்கும். நோட்டில் எழுதிவைத்த ஒவ்வொரு இடத்திலும் ஸ்பாரில் 0.5 மி.மீ. துளை போட்டு, முறுக்கிய வாலை நுழைத்துப் பசை வையுங்கள். கண் ஸ்பாருக்கு வெளியே, காகிதம் வரப்போகும் மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் தாண்டி நிற்க வேண்டும். கம்பி எந்தத் திசையில் இழுக்குமோ அந்தத் திசையை நோக்கிக் கண்ணைத் திருப்பிவையுங்கள். என் நோட்டில் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் சேர்த்து இதற்கே ஒரு முழுப் பக்கம். உட்கார்ந்து செய்ய இரண்டு ஞாயிறு போயிற்று. முதல் விமானத்தில் இந்த இரண்டு ஞாயிற்றைத்தான் மிச்சம் பிடித்தேன்.

காகிதமும் வார்னிஷும்

அக்காலத்து விமானத்துக்கு லினன் துணி போர்த்தி, டோப் என்ற கரைசலைப் பூசி இறுக்குவார்கள். 1916 வாக்கில் பி.சி.10 என்ற பச்சை கலந்த பழுப்பு நிறம் மேற்பக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு நிறமில்லா டோப்தான். துணி பழைய வேட்டி நிறத்தில் இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் உள்ளே ரிப்புகள் நிழலாகத் தெரியும். அதற்காகவே 1915 விமானத்தைக் கட்டுங்கள். இவ்வளவு பாடுபட்டு ரிப்பு கட்டிவிட்டு மேலே பழுப்புப் பெயின்ட் அடித்து மூடுவது எனக்குச் சம்மதமில்லை.

கைவினைப் பொருள் கடையில் விற்கும் வெள்ளை டிஷ்யூ காகிதம் போதும். புதுச்சேரியின் ஆசிரமக் கைக்காகிதத்தை முயன்று பார்த்தேன். அழகான பொருள், ஆனால் இறக்கைக்குக் கனம் அதிகம், குழிவில் படியவில்லை. டிஷ்யூவை நீர்த்த டீ டிகாக்‌ஷனில் ஒரு முறை முக்கி எடுத்து, துண்டின் மேல் விரித்துக் காயவைத்தால் லினன் நிறம் தானாக வரும். முதலில் ஒரு ஓரத்துண்டில் சோதித்துப் பாருங்கள், காய்ந்தால் ஒரு சாயல் வெளுக்கும்.

அடிப்பக்கத்தை முதலில் ஒட்டுங்கள். குழிவு இருப்பதால் விளிம்பில் மட்டும் ஒட்டினால் பறை மாதிரி விறைத்து, குழிவு காணாமல் போகும். ஒவ்வொரு ரிப்பின் அடியிலும் பசை தடவி, காகிதத்தை விரல் நுனியால் அழுத்திப் படியவையுங்கள். மேற்பக்கத்துக்கு விளிம்பு போதும். கம்பிக் கண் இருக்கும் இடத்தில் ஊசியைச் சூடாக்கித் தொட்டால் கண் எட்டிப் பார்க்கும். பிறகு நீரைப் புகையாகத் தெளித்துக் காயவிடுங்கள், சுருக்கம் போய்விடும்.

மரச்சாமானுக்கு அடிக்கும் என்.சி. லாக்கரில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, கூடவே ஒரு கிண்ணத்துக்கு நாலைந்து சொட்டு விளக்கெண்ணெய் விடுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் லாக்கர் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போய் இறக்கையை முறுக்கும். மூன்று மெல்லிய பூச்சு போதும். இதை மழைநாளிலோ மாலையிலோ செய்யாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் கொட்டியதுபோல் வெள்ளை பூத்துவிடும். பங்குனி, சித்திரையில், காலை பதினோரு மணிக்கு மேல், ஜன்னல் திறந்து, முகமூடி போட்டுக்கொண்டு அடியுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு ரிப்பின் மேலும் இரண்டு மி.மீ. அகலக் காகிதப் பட்டை ஒட்டி இன்னொரு பூச்சு.

உடல், எஞ்சின், புரொப்பெல்லர்

உடல் ஒரு மரப்பெட்டிதான். பக்கச் சட்டம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரைபடத்தின் மேல் கட்டுங்கள், ஒத்துப்போகும். நடுவில் குறுக்குச் சட்டம், முன்பகுதிக்கு மேலே மெல்லிய பிளைவுட், மற்றதெல்லாம் காகிதம். உள்ளே இருக்கைகளும், ஒரு கட்டுப்பாட்டுக் கோலும், இரண்டு மூன்று கடிகார முகமும் வைத்தால் போதும். மேல் இறக்கை வந்து உட்கார்ந்துவிட்டால் உள்ளே எட்டிப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

எஞ்சின் வேறு விஷயம், அது வெளியே தெரியும். ஆர்.ஏ.எஃப்.1ஏ என்ற 90 குதிரைத்திறன் எஞ்சின், காற்றால் குளிரும் எட்டு சிலிண்டர், ஆங்கில 'வி' எழுத்து வடிவில். ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் குளிர்விக்கும் மடிப்புகள். அவற்றுக்கு வழி இருக்கிறது. காயில் கடையின் 30 கேஜ் கம்பி இரண்டை எடுத்து, சிலிண்டர் கனத்துக்கு வெட்டிய குச்சியின் மேல் பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். ஒரு கம்பியில் மட்டும் முன்கூட்டியே மெழுகு தடவியிருக்க வேண்டும். சுற்றி முடித்ததும் நீர்ப்பதமான பசையை ஓடவிட்டு, காய்வதற்குள் மெழுகுக் கம்பியைச் சுற்றி எடுத்துவிடுங்கள். மிஞ்சியது சரிசமமான இடைவெளியோடு நிற்கும் மடிப்பு. எட்டும் ஒரே மாதிரி வர, பன்னிரண்டு செய்து நல்லதைப் பொறுக்குங்கள். எஞ்சினுக்குப் பின்னால் மேல் இறக்கைக்கு நேராக ஏறும் புகைக்குழாய் இரண்டையும் தாமிரக் கம்பியில் வளைத்து, மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கலாம்.

மூக்குத் தகட்டுக்கு அச்சகத்தில் தூக்கிப்போடும் ஆஃப்செட் பிளேட். புதுச்சேரியில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியே வளைத்தால் விரியும். ஒரு பக்கம் துணி சோப்பைத் தேய்த்து, மறுபக்கம் தீயில் காட்டுங்கள். சோப்பு கறுத்ததும் நிறுத்திவிடுங்கள். ஆறிய பின் தகடு ஈயம்போல் வளையும்.

இந்த எஞ்சினில் புரொப்பெல்லர் பாதி வேகத்தில்தான் சுழலும், அதனால் நான்கு இலை கொண்ட பெரிய புரொப்பெல்லர். பிளைவுட் கடையில் காலாவதியான வெனீர் மாதிரிப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கனத்தில் தேக்கும் வெளிர் மரமும் மாறி மாறி ஆறு அடுக்கு ஒட்டி, இரண்டு கட்டை செய்து, நடுவில் பாதிப் பாதி வெட்டிச் சிலுவையாகப் பொருத்துங்கள். பிறகு சீவினால் அடுக்குகள் வெளிவந்து நீரலை மாதிரி வரிவரியாகத் தெரியும். கத்தி வைக்கும் முன் படத்தைப் பார்த்து, இலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கட்டையிலேயே பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். நான் போடவில்லை. மூன்று நாள் சீவிய புரொப்பெல்லர், விமானத்தைப் பின்னால் தள்ளும் புரொப்பெல்லராக முடிந்தது. அது இப்போது பூஜை அறையில் ஊதுபத்தி ஸ்டாண்டு.

சக்கரத்துக்கு 29 மி.மீ. வெளிவட்டம் வரும் ஓ-ரிங், பம்புசெட் சாமான் கடையில். நடுவில் காகித வட்டத்தை மெல்லிய கூம்பாக ஒட்டினால் துணி போர்த்திய சக்கரம்.

எந்த நாட்டு விமானம் என்று காட்டும் வட்டச் சின்னம் வரையும்போது ஒரு எச்சரிக்கை, குறிப்பாகப் புதுச்சேரிக்காரர்களுக்கு. நடுவில் நீலம் இருந்தால் அது பிரெஞ்சு விமானம். பிரிட்டிஷ் சின்னத்தில் நடுவில் சிவப்பு, வெளியே நீலம். வாலில் இருக்கும் சுக்கானின் வண்ணப் பட்டைகளில் நீலம் கீல் பக்கம் வர வேண்டும்.

கம்பி கட்டுதல்

இதை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாக்கருக்கு வெயில், கம்பிக்கு மழை. ஐப்பசியில் ஈரம் குடித்து முழு நீளத்துக்கு வந்த தங்கூஸைக் கட்டினால், அதன் பிறகு அது நீள வழியில்லை. வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான்.

முதலில் நடுத்தூண்கள், கீழ் இறக்கை, இடைத்தூண்கள், மேல் இறக்கை என்று வரிசையாகப் பொருத்துங்கள். சன்போர்டில் ஒரே அளவில் வெட்டிய துண்டுகளை இரண்டு இறக்கைக்கும் இடையே நிறுத்தி, மேல் இறக்கை எவ்வளவு முன்னே நிற்கிறது, நுனி எவ்வளவு உயர்கிறது என்பதை இரண்டு பக்கமும் அளந்து பூட்டிவிடுங்கள். பசை முழுதாகக் காய இரண்டு நாள் விடுங்கள்.

0.15 மி.மீ. தங்கூஸை முதுநகர்த் துறைமுகப் பக்கம் வலைச்சாமான் கடையில் வாங்கலாம். நிஜ விமானத்தில் கம்பியை முறுக்கி இறுக்கும் முறுக்காணிக்குப் பதிலாக, மருந்துக்கடையில் 23 கேஜ் புது ஊசி. சிறு கட்டிங் டிஸ்கால் மூன்று மி.மீ. துண்டுகளாக வெட்டி, வாயைத் தேய்த்து மழுக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதைத் தொட வேண்டாம். கூரான நுனியைத் தனியே டப்பாவில் போட்டுவிடுங்கள்.

ஒரு முனை: நரம்பை ஊசிக்குழாயில் நுழைத்து, கம்பிக் கண்ணில் நுழைத்து, திரும்ப அதே குழாய் வழியே வெளியே கொண்டுவாருங்கள். குழாயைக் கண்ணுக்குப் பக்கத்தில் தள்ளி, ஒரு துளிப் பசை. மறுமுனையிலும் அப்படியே, ஆனால் பசை வைக்கும் முன் சாமணத்தால் இழுத்துப் பிடியுங்கள். நேராக நின்றால் போதும், விறைக்க வேண்டாம். வெளியே நீட்டிய மீதியைப் புது பிளேடால் ஒட்ட வெட்டுங்கள்.

வரிசை முக்கியம். குறுக்குக் கம்பிகள் முதலில், பிறகு உள்பக்க இறங்குகம்பி, பிறகு வெளிப்பக்க இறங்குகம்பி, கடைசியில் பறப்புக் கம்பிகள். இடப்பக்கம் ஒன்று போட்டால் அடுத்தது வலப்பக்கம். தேரிழுக்கும்போது ஒரு வடம் மட்டும் முந்தினால் தேர் எங்கே போகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு கம்பிக்கு ஒருமுறை எழுந்து, விமானத்தை நேர் முன்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். நோட்டில் அந்தக் கம்பியின் எண்ணை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் ஓரிரு கம்பி லேசாகத் தொய்ந்திருக்கும். அதற்கு ஒரு ஊதுபத்தி ஏற்றி, கங்கை நரம்புக்கு அரை செ.மீ. தள்ளி, நீளவாக்கில் மெல்ல ஓட்டுங்கள். நரம்பு கண்ணெதிரே சுருங்கி நேராகும். நின்றுவிடக் கூடாது, தொட்டுவிடக் கூடாது. தொட்டால் டப்பென்று அறும், அந்த ஒன்றை மறுபடி முதலிலிருந்து. கடைசியாக, எஃகு நிறப் பெயின்டைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு கம்பியையும் உருவிவிடுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உள்ளேயே ஓர் ஓரத்தில் செருப்பு டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டாம், உப்புக் காற்று தாமிரக் கண்களைப் பச்சையாக்கிவிடும். பொட்டலத்தை மாதம் ஒருமுறை எடுத்து மாடியில் வெயிலில் காயவையுங்கள். நான் அதை அமாவாசைக்கு அமாவாசை செய்கிறேன், மறக்காது.